தெரு முழுக்க ஒரு எஞ்சின்

மாமியின் வீட்டு வாசலில் வெறுங்கையோடு நின்று பேசிவிட்டுப் போனவர் எங்கள் தெருவில் எவருமில்லை. தபால்காரர், கேஸ் சிலிண்டர் போட வந்தவர், கரண்டு மீட்டர் பார்க்க வந்தவர், சும்மா நலம் விசாரிக்க வந்தவர், யாராக இருந்தாலும் மாமி முதலில் அவர் கையைத்தான் பார்ப்பார். கை காலியாக இருந்தால் தீர்ந்தது கதை. "இத ஒண்ணு பிடியும்" என்று ஒரு ரப்பர் குழாயையோ, ஸ்பேனரையோ, கிரீஸ் வழியும் இரும்புத் துண்டையோ நீட்டிவிடுவார். யாராவது எதையாவது நீட்டினால் நம் கை நம்மைக் கேட்காமலே வாங்கிவிடுகிறது. மாமி அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். வாங்கியவர் அரைமணி நேரத்துக்கு எங்கும் போக முடியாது.

மாமி என்று நான் கூப்பிட்டாலும் எங்களுக்குள் சொந்தம் ஒன்றும் கிடையாது. கொட்டாரம் என்ற ஊருக்குப் பக்கத்தில், வயலை ஒட்டிய ஒரு தெருவில் அடுத்தடுத்த வீடு, அவ்வளவுதான். இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்புயர மதில். எங்கள் பக்கம் அதன் மேல் கருவாடு காயும், அவர் பக்கம் மண்ணெண்ணெயில் கழுவிய நட்டும் போல்ட்டும் காயும். மதிலுக்கு அந்தப்புறம் ஓடு வேய்ந்த ஷெட்டில் நின்றது அந்தப் பழைய ஜீப். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் பெட்ரோல் வண்டி. மேற்கே ரப்பர் எஸ்டேட்டில் வேலை பார்த்த மாமா, எஸ்டேட்காரர்கள் கழித்துப் போட்டபோது வாங்கிக்கொண்டு வந்தது. மாமா இருந்தவரை அதை ஓட்டினார், கழுவினார், அதன் மேல் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். பானெட்டை மட்டும் திறந்ததில்லை. அது தொடக்கத்திலிருந்தே மாமியின் இலாகா.

மாமி ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அதனால் ஜீப் ரிப்பேரும் ஆபரேஷன் மாதிரியேதான் நடக்கும். கையில் ரப்பர் கையுறை. அவரைக்கொட்டை போல வளைந்த எவர்சில்வர் தட்டுகளில் ஸ்பேனர்கள் சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாகக் கிடக்கும். கார்புரேட்டரைக் கழற்றினால் அந்த ஓட்டைக்குள் தூசி விழாமல் உடனே வெள்ளைத் துணி அடைத்துவிடுவார். எல்லாம் முடிந்து மூடுவதற்கு முன்பு, கழற்றிய சாமான்களையும் அடைத்த துணிகளையும் சத்தமாக எண்ணுவார். எண்ணி முடியும் வரை யாரும் பேசக்கூடாது.

"ஒருத்தனுக்க வயித்துக்குள்ள துணிய வச்சு தச்சிட்டா என்ன ஆவும்? இதும் அப்பிடித்தான். மூடதுக்கு முன்ன எண்ணணும்" என்பார்.

ஏன் மாமி எல்லாரையும் இப்படிப் பிடிக்க வைக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். நான் அப்போது ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் கேஸ்கெட்டுமாக, மூக்கில் ஏறிய கொசுவைத் துரத்த வழியில்லாமல் நின்றுகொண்டிருந்தேன்.

"நான் சர்வீஸ் முழுக்க டாக்டர்மாருக்கு எடுத்து எடுத்து நீட்டினவளாக்கும். கத்தி கேட்டா கத்தி, கத்திரி கேட்டா கத்திரி. இப்பம் நான் டாக்டரு. நீங்க எல்லாரும் நர்சு. டார்ச்ச ஆட்டாதட்டி."

அவருக்குத் தனியாக வேலை செய்யத் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. தேங்காய் துருவுவது, துணி துவைப்பது, ஒண்டியாக ஜீப்பை ஓட்டிக்கொண்டு நாகர்கோவில் போவது எல்லாம் தனியாகத்தான். எஞ்சினைத் திறந்தால் மட்டும் ஆள் வேண்டும். ஆள் வந்தால் முகத்தில் ஒரு சிரிப்பு வரும், அதை மறைக்கத் தெரியாது. நானும் அந்தச் சிரிப்பைப் பார்ப்பதற்காகவே பலமுறை மதில் ஏறிக் குதித்திருக்கிறேன். பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த காலம் அது. எங்கள் ஊரில் அப்படிக் காத்திருப்பதே ஒரு உத்தியோகம்.

ஒருமுறை எங்கள் சபைப் போதகர் வீடு சந்திக்க வந்தார். மாமி ஷெட்டில் குனிந்திருந்தார். பேச்சு முடிந்து, "ஜெபம் பண்ணிட்டுப் போறேன்" என்றார் போதகர்.

"பண்ணுங்க பாஸ்டரே. கண்ண மூடிக்கிட்டே இத ஒண்ணு பிடிங்க" என்று ரேடியேட்டர் குழாயை அவர் கையில் கொடுத்துவிட்டார் மாமி.

போதகர் நல்ல மனுஷன். குழாயைப் பிடித்தபடியே வீட்டுக்காகவும் ஊருக்காகவும் மழைக்காகவும் வேண்டிக்கொண்டார். ஆமென் சொல்லிக் கையை எடுக்கப் போனபோது மாமி தலை நிமிராமலே சொன்னார்: "நட்டு இன்னும் கேறல்ல பாஸ்டரே. இன்னொரு குட்டி ஜெபம் பண்ணுங்க."

அவரும் பண்ணினார். இந்த முறை ஜீப்புக்காக.

தேர்தல் சமயத்தில் ஒரு வேட்பாளர் பரிவாரத்தோடு தெருவுக்குள் வந்தார். எல்லா வீட்டு முன்பும் கும்பிட்ட கையை இறக்காமல் வந்தவர் மாமி வீட்டுக்குப் பின் இறக்கித்தான் போனார். கும்பிட்ட கைக்குள் மாமி ஃபேன் பெல்ட்டை மாட்டி, "இறுக்கிப் பிடியும், விட்டுராதயும்" என்றுவிட்டார். அந்தப் படம் எங்கள் பக்கத்து வாட்ஸ்அப் குரூப்புகளில் வெகுநாள் சுற்றியது. அவர் ஜெயித்தாரா என்பது எனக்கு நினைவில்லை. பெல்ட் நன்றாக உட்கார்ந்தது.

இப்படிப் பிடித்துப் பிடித்தே அந்த ஜீப் எங்கள் எல்லாருக்கும் பழகிப்போனது. மழையில் வயல்வழி ரோடு முங்கிவிட்டால் வெளியே போக அது ஒன்றுதான் வழி. சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அசனத்தன்று சோறு வைக்கும் பெரிய வார்ப்புகளையும் விறகையும் சுமந்துவருவது அதுதான். அது உறுமிக்கொண்டு போகும்போது, தன் கை பட்ட இடம் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொருவரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். டீக்கடை மாமா ஒருநாள் வடைச்சட்டியிலிருந்து தலையைத் தூக்கி, "டேப்பெட்டு லேசா அடிக்குதோ மைனி?" என்று கத்தியதை நானே கேட்டிருக்கிறேன். அவருக்கு சைக்கிள் கூட ஓட்டத் தெரியாது.

மாமிக்கு ஒரே ஒரு மூடநம்பிக்கை உண்டு. துரு ஒரு தொற்றுவியாதி என்பது அது. கடல் கூப்பிடுதூரம் என்பதால் எங்கள் பக்கம் காற்றிலேயே உப்பு இருக்கிறது. இரும்பை நாலுநாள் வெளியே வைத்தால் சிவந்துவிடும். அதனால் எஞ்சினைப் பிரித்தால் எல்லாப் பாகத்தையும் ஒரே இடத்தில் வைக்கமாட்டார். "ஒண்ணுக்குப் பிடிச்சா எல்லாத்துக்கும் ஒட்டும். தனித்தனி வார்டுல போடணும்" என்று ஒவ்வொன்றையும் எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, மேலே காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியைப் போட்டு, வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடுவார். எந்த மெக்கானிக்கும் செய்யாத வேலை. அவர் சொன்னது விஞ்ஞானமா என்று யாரும் கேட்கவில்லை. வார்டு கிடைத்த பெருமையில் இருந்தோம்.

அப்படித்தான் அந்த வருஷம் நடந்தது. வண்டிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. பேட்டரியும் கிழடு. காலையில் முன்பக்கம் கம்பியைப் போட்டுச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். ஒருநாள் கம்பி பின்னுக்கு உதைத்து மாமியின் வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவர் வீட்டுக்குள்ளே கூட நுழையவில்லை, நேராக ஷெட்டுக்குப் போனார்.

"எஞ்சின தொறந்து பிஸ்டன் ரிங்கு மாத்தணும். எனக்குத்தான் கை இல்ல, ஒங்களுக்கெல்லாம் உண்டுல்லா?"

உண்டுதான். மாமி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து இடதுகை விரலால் காட்டக் காட்ட, தெருவே சேர்ந்து எஞ்சினைப் பிரித்தது. பிஸ்டன்கள் டீக்கடைக்குப் போயின, அங்கே பேப்பர் பறக்காமல் மேலே உட்கார்ந்தன. கார்புரேட்டர் எதிர்வீட்டு அய்யாவழி மாமாவிடம். அவர் அதைத் துவைத்த வெள்ளைத் துணியில் சுற்றி மர அலமாரியில் வைத்து, குளித்துவிட்டு வந்துதான் தொடுவார். வால்வுகள் எங்கள் வீட்டுக்கு. அம்மா ஷெட்டில் வைத்தே அவற்றுக்குத் தேய்க்கும் பசை தடவி, எஞ்சினில் அவை உட்காரும் இடத்தில் வைத்து, மோர் கடைகிற மாதிரி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே குச்சியை உருட்டி உருட்டித் தேய்த்தாள். தேய்த்து முடித்ததை அரிசி டிரம்மில் புதைத்து வைத்தாள். துபாயில் இருக்கும் மாமியின் மகனுக்குப் பெருமையாக ஒரு வாய்ஸ் மெசேஜும் போட்டாள். கை முறிந்த சேதி அதன் நடுவில் இருந்தது. அதுதான் வினை.

மகன் அடுத்த விமானத்தில் வந்து இறங்கினான். அம்மாவின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தான். நடு எலும்பு இல்லாத மீன் மாதிரி நின்ற ஜீப்பைப் பார்த்தான். அன்றைக்கு அவன் போட்ட சத்தம் மதிலைத் தாண்டி எங்கள் அடுக்களை வரை கேட்டது.

"எனக்க சின்ன வயசு முழுக்க இதுக்கு டார்ச் பிடிச்சே போச்சு. எல்லாவனும் கிரிக்கெட் விளையாடுவான், நான் இங்கன நின்னு டார்ச் பிடிப்பேன். இப்பம் ஒனக்க கையையும் ஒடச்சாச்சு. நாளைக்கு ஒனக்கு ஒண்ணுன்னா நான் அங்கேருந்து எப்பிடிம்மா ஓடிவருவேன்?"

கடைசி வாக்கியத்தில் அவன் குரல் உடைந்தது. மாமி மாவுக்கட்டை இடது கையால் தடவிக்கொண்டார். பிறகு, "செரி மக்கா. ஜீப்ப வித்துரு" என்றார்.

கொச்சியில் பழைய வண்டிகள் மேல் பிரியமுள்ள ஒருவரை மகன் போனிலேயே பிடித்தான். வண்டியை ஓடுகிற நிலையில் தரவேண்டும், தானே ஓட்டிக்கொண்டு போவேன் என்றார் அவர். மகன் வாக்குக் கொடுத்தான். அந்த வாரம் கேஸ் சிலிண்டர்காரர் வந்தார். மாமி வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு, கையைத் துடைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் கொஞ்ச நேரம் நின்றார். மாமி ஒன்றையும் நீட்டவில்லை. அவர் வெறுங்கையோடு திரும்பிப் போனார்.

மகன் பாகங்களைத் திரும்பச் சேகரிக்கப் புறப்பட்டான். மாமியும் பின்னால் நடந்தார், நானும் போனேன். டீக்கடையில் பேப்பர் மேல் ஒரு கருங்கல் புதிதாக உட்கார்ந்திருந்தது.

"பிஸ்டனா? அது இப்பம் இங்கன இல்லியே மக்ளே" என்றார் டீக்கடை மாமா, வடைச்சட்டிக்குள் பார்த்துக்கொண்டு.

எங்கள் வீட்டில் அம்மா, "வால்வு எங்க வச்சேன்னே ஓர்ம இல்ல பிள்ளே" என்றாள். அரிசி டிரம் மேல்தான் உட்கார்ந்திருந்தாள். அய்யாவழி மாமாவுக்கு மட்டும் பொய் வராது. அவர் கதவைப் பாதி திறந்து, மகனை நேராகப் பார்த்துச் சொன்னார்:

"இருக்கு. தர மனசில்ல."

"எல்லாரும் சேந்து என்னய வச்சு விளையாடுதியளா?" என்றான் மகன். கோபத்தை விட அழுகைதான் அதில் கூட இருந்தது. அவன் கெட்டவனா என்ன? அம்மாவின் கையை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தவன்.

அப்போதுதான் மாமி தெருவின் நடுவில் நின்று, ஆபரேஷன் தியேட்டரில் பேசுகிற குரலில் சொன்னார்: "எனக்க மவன் ஒருத்தர்ட்ட வாக்கு குடுத்தாச்சு. நான் பிடிக்கத்தானே தந்தேன்? வச்சுக்கிடவா தந்தேன்? எல்லாத்தையும் கொண்டாங்க."

எல்லாம் வந்தது. வராமல் இருக்குமா, அந்தக் குரலுக்கு.

சனிக்கிழமை காலையில் எஞ்சினைப் பூட்ட ஆரம்பித்தோம். துக்க வீடு மாதிரி இருக்கும் என்று பயந்துதான் போனேன். அரைமணி நேரத்தில் கல்யாண வீடாகிவிட்டது. டீக்கடை மாமா சாயாவைத் தூக்குவாளியில் கொண்டுவந்தார். போதகர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து, கேட்காமலே ரேடியேட்டர் குழாய்க்குப் பக்கத்தில் போய் நின்றார், அது அவர் இடம். தான் தேய்த்த வால்வு ஒவ்வொன்றும் இறங்கி உட்காரும்போது அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மாமியின் இடதுகை ஆட்காட்டி விரல் ஓயவில்லை. "அத பைய இறக்கு. இத ஒண்ணு பிடியும். ஏலே, நீ அதுக்கு நேரே நில்லு." இனி இல்லை என்பதை அவரே மறந்துவிட்ட மாதிரி இருந்தது.

கொச்சிக்காரர் பத்து மணிவாக்கில் வந்தார். சலவை வேட்டி, தங்க நிறச் சட்டத்தில் கண்ணாடி. வந்து வணக்கம் சொல்ல எடுத்த கையில் மாமி ஃபேன் பெல்ட்டைக் கொடுத்துவிட்டார். மனுஷன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரேடியேட்டருக்கு முன் குந்தினவர் மத்தியானம் வரை எழும்பவில்லை. வேட்டியில் கிரீஸ் ஏறிக்கொண்டே போனது. முகத்தில் அத்தனை சந்தோஷம்.

மகன் மட்டும் ஷெட்டுக்கு வெளியே போனைப் பார்த்தபடி நின்றான். அவனையும் மாமி விடவில்லை. சின்னச் சாமான்கள் கிடந்த வளைந்த தட்டை நீட்டி, "மக்கா, இத ஒண்ணு பிடி" என்றார். அவன் வாங்கிக்கொண்டான். பெரிய ஆளான பிறகும் தட்டைப் பிடிக்கிற விதம் மாறவில்லை, ஒரு பக்கம் சாயாமல், நெஞ்சுக்கு நேராக. போதகரும் கொச்சிக்காரரும் ஒரே நட்டுக்குக் கை நீட்டி முட்டிக்கொண்டபோது எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்ததைப் பார்த்தேன்.

மூடும் நேரம் வந்தது. மாமி எண்ண ஆரம்பித்தார். எல்லாரும் வாயை மூடிக்கொண்டோம். துணிகள் சரி. நட்டுகள் சரி. தட்டுக்கு வந்தபோது விரல் நின்றது. திரும்ப ஒருமுறை எண்ணினார்.

"ஒண்ணு குறையுது. ரோட்டரக் காணும்."

பெருவிரல் அளவுதான் இருக்கும் ரோட்டர். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் சுழன்று, கரண்டை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கு வைப்பது. அது இல்லாவிட்டால் எஞ்சினில் ஒரு பொறி கிளம்பாது. மண்ணைக் கிளறினோம். சாயா வாளிக்குள் பார்த்தோம். போதகர் தன் சட்டைப்பையைத் தானே வெளியே இழுத்துக் காட்டினார். டீக்கடை மாமாவை எல்லாரும் பார்த்தார்கள். "வேதத்து மேல சத்தியம், இந்த மட்டம் நான் இல்ல" என்றார் அவர். மாமி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொச்சிக்காரர் பெல்ட்டை விட்டு எழுந்தார். பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசினார்.

"அம்மச்சி, ரோட்டர் எனக்கு கொச்சியில கிட்டும். அது ஒரு பிரச்னையே அல்ல." கண்ணாடியைக் கழற்றித் துடைக்கப் போய், கையில் கிரீஸைப் பார்த்து அப்படியே மாட்டிக்கொண்டார். "பக்ஷே, இத்தன கைய நான் எங்க போய் வாங்கும்? இந்த வண்டி எனக்கு வேண்டாம். அடுத்த தடவ எஞ்சின் தொறக்கும்போ என்னை ஒண்ணு விளிச்சா போதும்."

மகன் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவப் போனான்.

லீவு முடிந்து அவன் திரும்பிப் போன விடிகாலையில் வழியனுப்ப நானும் அம்மாவும் போயிருந்தோம். ஏர்போர்ட் டாக்சி வாசலில் நின்றது. பெட்டிகளை ஏற்றிவிட்டு மகன் மாமியை ஷெட்டுக்குக் கூட்டிப்போய், மூலையில் கிடந்த ஒரு சாக்கை விலக்கிக் காட்டினான். உள்ளே புத்தம்புதிய பேட்டரி.

"இனி சாவி போட்டுத்தான் எடுக்கணும். அந்தக் கம்பிய தொடமாட்டேன்னு சொல்லு."

"தொடமாட்டேன்."

"எனக்க தலையில அடிச்சுச் சொல்லு."

மாமி கட்டுப்போட்ட கையாலேயே அவன் தலையில் மெதுவாக அடித்தார். அவன் சட்டைப்பைக்குள் கையை விட்டு, பெருவிரல் அளவில் எதையோ எடுத்து, அம்மாவின் இடது உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினான்.

"அம்மா, இத ஒண்ணு பிடி."

மாமி விரலைத் திறந்து பார்க்கவில்லை. திறக்காமலே தெரிந்திருந்தது. "தட்டு ஒனக்க கையிலதானே இருந்து" என்றார். "நீ எப்பம் தருவேன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

எனக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் அழுதேன். அம்மா எனக்கு முன்பே ஆரம்பித்திருந்தாள். மகன் காரில் ஏற வேண்டும், யாருக்கும் நகர மனம் வரவில்லை. டாக்சி டிரைவர் நேரமாகிறது என்று சொல்வதற்காக இறங்கி ஷெட்டுக்குள் வந்தார்.

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கையைப் பார்த்தார். கை காலியாக இருந்தது.